துணிப்பூ போர்வைக்கும் கூலிக் கணக்கு உண்டு!

வாசகர் கேள்வி - பதில்

'எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். தையல் கடை வெட்டுத் துணியில் 'யோ-யோ' போர்வை 20 செய்து, இரண்டு மாதத்தில் தரச் சொல்லி ஒரு வியாபாரி கேட்கிறார். ஐந்தடிக்கு ஏழரை அடி அளவு. ஒன்றுக்கு 2,500 ரூபாய். துணி அவருடையது, நூல் எங்களுடையது, அது ஒன்றுக்கு 100 ரூபாய் ஆகும். பஞ்சு வைத்து முடிச்சுப் போடும் போர்வை என்றால் 1,400 ரூபாய்தானாம். அதில் பஞ்சு, அடித்துணி, நூல் செலவு 600 ரூபாய் எங்களுடையது. யோ-யோவுக்கு முன்பணம் வாங்கிவிடலாம் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?'

- மகளிர் சுய உதவிக் குழு, விருதுநகர் மாவட்டம்.

முன்பணம் வாங்குவதற்கு முன்பு, ஒரு போர்வைக்கு எத்தனை பூ, ஒரு பூவுக்கு எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாகுபடிச் செலவு போடும்போது வீட்டாள் உழைப்பைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, லாபம் வந்ததாக நினைப்பது விவசாயத்தில் பலரும் செய்யும் தவறு. கைத்தொழிலிலும் அதே தவறுதான் நடக்கிறது.

யோ-யோ என்பது வட்டமாக வெட்டிய துணியின் ஓரத்தை மடித்து, நூல் ஓட்டி, சுருக்கி இழுத்துச் செய்யும் தட்டையான துணிப்பூ. ஒன்றரை அங்குலப் பூவுக்கு மூன்றரை அங்குல வட்டம் வெட்ட வேண்டும். ஐந்தடி அகலம் 60 அங்குலம். அதில் 40 பூ. ஏழரை அடி நீளம் 90 அங்குலம். அதில் 60 பூ. ஆக, ஒரு போர்வைக்கு 2,400 பூக்கள். புதுத் துணியில் வெட்டினால் 44 அங்குல அகலத் துணி ஏறக்குறைய 18 மீட்டர் தேவைப்படும். அதனால்தான் இதை வெட்டுத் துணியில் செய்கிறார்கள்.

இனி நேரத்தைப் பார்க்கலாம். கை பழகியவர் ஒரு பூவுக்கு 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்தால், 2,400 பூவுக்கு 160 மணி நேரம். பூக்களைப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் இணைக்க 4,700 இணைப்புகள். ஓர் இணைப்புக்கு 1 நிமிடம் என்றாலும் 78 மணி நேரம். மொத்தம் 238 மணி நேரம். எட்டு மணி வேலை நாளாகப் பிரித்தால், ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 30 நாள். 2,500 ரூபாயில் நூல் செலவு 100 ரூபாயைக் கழித்தால், நாள் கூலி சுமார் 80 ரூபாய். உங்கள் ஊர்க் களையெடுப்புக் கூலியைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

காலமும் போதாது. வீட்டு வேலை, காட்டு வேலை போக, ஒருவர் தினமும் 4 மணி நேரம் ஒதுக்கினால், 12 பேருக்கு 60 நாளில் 2,880 மணி நேரம்தான் கிடைக்கும். 20 போர்வைக்கு 4,760 மணி நேரம் வேண்டும். முழு மூச்சாகச் செய்தாலும் 12 போர்வைதான் முடியும். இடையில் பருத்தி எடுப்பு வந்துவிட்டால் அதுவும் முடியாது. முன்பணம் வாங்கியபிறகு, மீதி 8 போர்வைக்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் குழுவுக்குள் சண்டை வரும்.

முடிச்சுப் போர்வைக்கு வருவோம். அதே அளவில், 6 அங்குலச் சதுரத் துணிகள் 150 வேண்டும். வெட்டி, தையல் மிஷினில் இணைக்க 10 மணி நேரம். பஞ்சு பரப்பி மூன்று அடுக்காகச் சேர்க்க 3 மணி நேரம். 276 முடிச்சு போட 9 மணி நேரம். ஓரம் அடிக்க 4 மணி நேரம். மொத்தம் 26 மணி நேரம், அதாவது மூன்றேகால் நாள். செலவு 600 ரூபாய் போக 800 ரூபாய் நிற்கும். நாள் கூலி சுமார் 245 ரூபாய். 20 போர்வையையும் 12 பேர் சேர்ந்து, தினமும் 4 மணி நேரம் வீதம் 11 நாளில் முடித்துவிடலாம். விலை குறைந்த போர்வையில்தான் மணிக்கு மூன்று மடங்கு வருமானம்.

இரண்டும் அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் பரவலாக இருந்த வேலைகள். யோ-யோ போர்வை அங்கு 1920-களிலும் 1930-களிலும் பிரபலமாக இருந்தது. கயிற்றில் ஏறி இறங்கும் யோ-யோ பொம்மையும் அந்தக் காலத்தில்தான் அங்கு பெரிதாகப் பரவியது. இங்கிலாந்தில் இதே பூவுக்கு 'சஃபோக் பஃப்' என்று பெயர். கையகலத் துணியும் ஊசி நூலும் போதும், சட்டம் வேண்டாம், மிஷின் வேண்டாம், மடியில் வைத்தே தைக்கலாம் என்பதால், வேலை குறைந்த மாலை நேரங்களில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். தங்கள் வீட்டுக் கட்டிலுக்குச் செய்ததால், மணிக்கணக்கு பார்க்கத் தேவை இருக்கவில்லை. குளிர்காலம் நெருங்கி, பிள்ளைகளுக்குப் போர்வை அவசரமாகத் தேவைப்பட்டபோது, நெருக்கித் தைக்க நேரம் இல்லாமல் முடிச்சுப் போட்டு முடித்தார்கள். யோ-யோ ஓய்வு நேரத்துக்கான வேலை. முடிச்சு தேவைக்கான வேலை. நாள் குறித்து, முன்பணம் வாங்கிச் செய்ய ஏற்றது இரண்டாவதுதான்.

வியாபாரிக்கு யோ-யோதான் வேண்டும் என்றால், மணிக்கு 30 ரூபாய் என்று வைத்தாலே ஒரு போர்வைக்கு 7,240 ரூபாய் கேட்க வேண்டும். நடுவழி ஒன்று உண்டு. முடிச்சுப் போர்வையின் தலைமாட்டில் மட்டும் ஒரு வரிசை யோ-யோ வைத்துத் தைக்கலாம். 40 பூக்கள், கூடுதலாக 4 மணி நேரம். அதற்கு 150 ரூபாய் கூட்டிக் கேட்கலாம். எதுவானாலும் முதலில் ஒரு மாதிரி செய்து, ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் நோட்டில் எழுதி, அதன் பிறகே விலை பேச வேண்டும்.

'யோ-யோ பூ செய்தால் நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது. இரண்டு முறை துவைத்ததும் பூக்கள் பிரிந்து தொங்குகின்றன. என்ன தவறு?'

- வாசகி, ஈரோடு மாவட்டம்.

தையல் நெருக்கமாக இருப்பதுதான் ஓட்டைக்குக் காரணம். பொடித் தையல் போட்டால் துணி நிறைய மடிப்பாகி, நடுவில் முழுதாகச் சேராது. கால் அங்குல நீளத்துக்குத் தையல் விட்டால் மடிப்பு குறைந்து, ஓட்டை சின்னதாகிவிடும். நன்றாகத் தைக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தவறு அதிகம் வரும்.

வட்டத்தின் ஓரத்தைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்துக்கொண்டே, மடிப்பின் விளிம்பை ஒட்டி நூல் ஓட்ட வேண்டும். நூல் இரட்டையாக இருக்கட்டும். ஆரம்பித்த இடத்துக்கே வந்ததும் சுருக்கி இழுத்து, அதே இடத்தில் இரண்டு மூன்று தையல் போட்டு முடிச்சிட்டு, நூல் நுனியைப் பூவுக்குள் விட்டு வெட்ட வேண்டும். மெல்லிய பருத்தித் துணி ஏற்றது. தடித்த துணி சுருங்காது. வழுக்கும் பாலியஸ்டர் துணியில் மடிப்பு நிற்காது.

பூக்கள் பிரிவதற்குக் காரணம், ஒரே புள்ளியில் இணைப்பது. பொட்டுப் போல ஒரு தையல் போட்டு அடுத்த பூவுக்குப் போனால், மொத்த எடையும் அந்தப் புள்ளியில் விழும். இரண்டு பூக்களின் சுருக்கிய முகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் கால் அங்குல அகலத்துக்கு நான்கைந்து முறை சுற்றித் தைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் முடிச்சிட்டு நூலை வெட்டிவிட வேண்டும். நூலை வெட்டாமல் பத்து பூவுக்கு இழுத்துக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அறுந்தால் பத்தும் பிரியும். முதலில் 25 பூக்களை ஐந்துக்கு ஐந்தாகச் சேர்த்து, பிறகு அந்தச் சதுரங்களை இணைத்தால் கணக்கும் தவறாது, வரிசையும் கோணாது.

யோ-யோ போர்வையில் பஞ்சு கிடையாது. பூவுக்குப் பூ இடைவெளியும் இருக்கும். குளிருக்கு உதவாது, கட்டில் விரிப்பாகவே பயன்படும். தினமும் புழங்குவதாக இருந்தால், பருத்தி அடித்துணி ஒன்று கொடுத்து, ஒவ்வொரு பூவின் நடுவையும் அதோடு சேர்த்துத் தைப்பது நல்லது. மிஷினில் துவைக்கக் கூடாது. நனைந்தால் எடை கூடும் என்பதால் கொடியில் தொங்கவிடாமல், நிழலில் பாய் விரித்து அதன் மேல் பரப்பி உலர்த்த வேண்டும்.

'முடிச்சுப் போர்வையில் பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டு, முடிச்சும் அவிழ்கிறது. வீட்டில் இலவம் பஞ்சு நிறைய இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?'

- வாசகர், தேனி மாவட்டம்.

இலவம் பஞ்சு வேண்டாம். அதன் இழை வழவழப்பானது, எளிதில் ஒடிவது. ஒன்றோடொன்று பின்னி நிற்காது. தலையணைக்கும் மெத்தைக்கும் நல்லது. துவைக்கும் போர்வையில் வைத்தால் மூலைக்கு மூலை உருண்டுவிடும். பருத்திப் பஞ்சின் இழைக்கு இயல்பாகவே முறுக்கு உண்டு. அதைக் கொட்டிச் சீராகப் பரப்பினால் பிடித்து நிற்கும்.

அப்படிப் பரப்பிய பஞ்சுக்கும் முடிச்சுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். போர்வையின் மேல் எந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாலும், கைக்கு அடியில் ஒரு முடிச்சாவது தட்டுப்பட வேண்டும். 6 அங்குலச் சதுரமாக இருந்தால், சதுரங்கள் சேரும் மூலைகளில் ஒன்று, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒன்று என்று போட்டால் சுமார் நாலேகால் அங்குல இடைவெளி கிடைக்கும். கடையில் ஒட்டிய தகடாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சுக்கு 6 அங்குல இடைவெளி போதும்.

வேலை வரிசை இதுதான்: மேல்துணி, அடித்துணி இரண்டையும் முன்கூட்டியே துவைத்து உலர்த்த வேண்டும். புதுத் துணி முதல் துவைப்பில் சுருங்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டும் துணியைத் தள்ளிவிட வேண்டும். பழைய புடவையாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை ஒதுக்க வேண்டும். அடித்துணியைத் தரையில் இழுத்து விரித்து, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி வைத்து, ஊக்கு குத்தி நிறுத்த வேண்டும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு முடிச்சு போட்டு வந்தால் துணி கூடாது, சுருங்காது.

முடிச்சுக்கு ஆறு இழை எம்பிராய்டரி நூலோ தடித்த பருத்தி நூலோ நல்லது. நைலான் நூல் வழுக்கி அவிழும். மேலிருந்து மூன்று அடுக்கும் தாண்டி ஊசியை இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, இரண்டு நுனியையும் மூன்று அங்குலம் விட வேண்டும். வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒரு முடிச்சு. அடுத்து இடது நுனியை வலதின் மேல் போட்டு ஒரு முடிச்சு. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணலாக நிற்கும்; துவைத்தால் அவிழும். பலருக்கும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். நுனியை ஓர் அங்குலம் விட்டு வெட்டினால் போதும். கைக்குழந்தைக்கான போர்வையில் தொங்கும் நுனி கூடாது. அதற்கு நூலோட்டமே பாதுகாப்பு.

ஓரம் முடிக்க எளிய வழி: அடித்துணியை நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டியிருக்க வேண்டும். பஞ்சை மேல்துணி அளவுக்குக் கத்தரித்து, அடித்துணியின் விளிம்பை ஓர் அங்குலம் மடித்து, மறுபடியும் மேல்துணியின் மேல் மடித்துத் தைத்தால் சுற்றிலும் ஓர் அங்குலக் கரை கிடைக்கும். போர்வை முதலில் கிழிவது ஓரத்தில்தான் என்பதால், அங்கே நெருக்கமான தையல் போட வேண்டும்.

'சாக்குத் துணியிலும் போர்வை செய்வார்களாமே? எங்களிடம் விதைப் பைகள் நிறைய உள்ளன.'

- வாசகி, கடலூர் மாவட்டம்.

செய்தது உண்மை. அமெரிக்காவில் மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் எல்லாம் பருத்தித் துணிப் பைகளில் வந்த காலம் ஒன்று இருந்தது. பண்ணைப் பெண்கள் அவற்றைத் துவைத்துத் தைப்பதைப் பார்த்த ஆலைகள், 1920-களில் பூப்போட்ட துணியிலேயே பை தைத்து அனுப்பத் தொடங்கின. 1930-களின் பஞ்சத்தில் சட்டை, திரை, போர்வை எல்லாம் அந்தத் துணியில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் வந்து, அந்த வழக்கம் மறைந்தது.

ஆனால், மாவுப் பையும் விதைப் பையும் ஒன்றல்ல. இன்றைய விதைகள் பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி, பூச்சிக்கொல்லி கலந்து நேர்த்தி செய்தவை. அந்த மருந்து துணி இழையில் ஏறியிருக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. இரவு முழுவதும் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் போர்வைக்கு அந்தத் துணி கூடவே கூடாது. உரப் பைக்கும் இதே விதிதான். அரிசி, மாவு வந்த பருத்திப் பைகள் இருந்தால், வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து அடித்துணியாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.