விளக்கைப் பார்த்துச் சிரித்தது போதும், ஒயரைப் பாருங்கள்

என் காரில் காலடியில் நீல விளக்கு எரியும். டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு, முன்சீட்டுகளுக்கு அடியில் இரண்டு. மொத்தம் நாலு துண்டு எல்இடி ஸ்ட்ரிப். கார் பழசு, செகண்ட் ஹேண்ட், அதிலும் கடைசி மாடல். கம்பெனிக்காரன் அதில் கூரை நடுவே மஞ்சளாக ஒரு குண்டு பல்பை மட்டும் வைத்து அனுப்பியிருந்தான். மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

கோவையில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம் முடிந்து நண்பர் ஒருவரை வீட்டில் விட ஏற்றிக்கொண்டேன். மேடையில் நாட்டார் கலைகளை மீட்பது பற்றி நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வந்தவர். சீட்டில் உட்கார்ந்து காலடியைப் பார்த்தார். “என்ன தோழர், கார்ல கரகாட்டம் நடத்தறீங்களா?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. மீட்க வேண்டிய கரகாட்டம் எப்படி அரை மணி நேரத்தில் கேலிச் சொல்லாக மாறியது? அதுகூடப் போகட்டும். ரெண்டு வாரம் கழித்து அதே நண்பர் தன் சொந்தக்காரரின் ஜெர்மன் கார் உட்புறத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். கதவு ஓரமெல்லாம் ஊதா வெளிச்சம். கீழே ஒரு வரி: “என்ன ஒரு ஆம்பியன்ஸ்!”

அந்த ஆம்பியன்ஸும் எல்இடிதான் சார். மெர்சிடீஸ் பென்ஸ் 2016இல் கொண்டுவந்த ஈ-கிளாஸில் உள்விளக்குக்கு 64 நிறங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். என்னிடம் இருப்பது ஒரே நிறம். அறுபத்து நாலு இருந்தால் ரசனை, ஒன்று இருந்தால் கரகாட்டமா? டவுன் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் ஓடும் சீரியல் லைட், லாரி கேபினில் சாமி படத்தைச் சுற்றி மினுங்கும் பச்சை, ஷேர் ஆட்டோ கூரையின் சிவப்பு, எல்லாம் நமக்கு ‘லோக்கல்’. அதே வெளிச்சம் தொழிற்சாலையிலிருந்து பொருத்தி வந்தால் ‘பிரீமியம்’.

விளக்கு நம் நாட்டில் எப்போதுமே அந்தஸ்து விவகாரம். கார் கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றால் உள்ளே பெரிய மனிதர் என்று அர்த்தம். அதைக் கழற்ற வைக்க 2017 மே 1 வரை ஆனது. யார் எந்த விளக்கை எரிக்கலாம் என்பதில் இவ்வளவு கவனமாக இருக்கும் சமூகம், அந்த விளக்குக்குப் பின்னால் போகும் ஒயரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான். இந்தச் சண்டையில் நான் யோக்கியன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை விளக்கு போட்டது ஊரில் ஒரு கார் அலங்காரக் கடையில். விளக்கு தொள்ளாயிரம், கூலி நானூறு என்றார் கடைக்காரர். நான் வாய்கூசாமல் பேரம் பேசினேன். “ரெண்டு ஒயரை சேர்க்கறதுக்கு நானூறாண்ணா?” என்று கேட்டேன். கடைசியில் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு முடிந்தது. அதாவது கூலி நூறு ரூபாய். பத்தொன்பது, இருபது வயசுப் பையன் ஒருவன் தலைகீழாக டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்து இருபத்தஞ்சு நிமிஷத்தில் எழுந்து வந்தான். வெளியே இன்னும் மூணு கார் நின்றது. விளக்கு அழகாக எரிந்தது. நான் போனைத் தூக்கிப் படம் எடுத்தேன். அவன் எங்கிருந்து கரண்ட் எடுத்தான் என்று கேட்கத் தோன்றவேயில்லை.

ஆறு வாரம் கழித்து அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போனேன். உடுமலை தாண்டி, காற்றாலைகள் தெரியும் ரோடு. பின்சீட்டிலிருந்து அம்மா, “கண்ணு, என்னமோ கருகற வாசம் வருது” என்றார். வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த நிமிஷம் என் முழங்காலுக்கு அருகே புகை. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தேன். புகை நிற்கவில்லை. சாவி கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை, கார் மட்டும் புகைகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கதவைத் திறந்து அவரை இறக்குவதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பின்னால் வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். “பானட்டத் தொறங்க, பேட்டரிய கழட்டணும்” என்றார். என்னிடம் ஸ்பேனர் இல்லை. அவரே பத்தாம் நம்பர் ஸ்பேனரோடுதான் வந்திருந்தார். நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்தித் தூக்கினார். புகை அடங்கியது. பிளாஸ்டிக் கொஞ்சம் உருகி, மிதியடியில் கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அவ்வளவோடு போனது.

குனிந்து பார்த்தவர், “யாருங்க இந்த வேலைய பண்ணுனது? ஃபியூஸே இல்லீங்களே” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் கேபினைக் காட்டினார. உள்ளே நீலம், பச்சை, சிவப்பு. என் நண்பர் பார்த்திருந்தால் ஒரு கட்டுரையே எழுதியிருப்பார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபியூஸ் பெட்டி. “ஒவ்வொரு லைட்டுக்கும் தனி ஃபியூஸ்ங்க. நான் தூங்கறதும் இதுக்குள்ளதானுங்க” என்றார். நாம் லோக்கல் என்று சொல்லும் அலங்காரத்தில்தான் அன்று நான் முதன்முதலாக ஒழுங்கான ஒயரிங்கைப் பார்த்தேன். பிரீமியம் கார்களில் யாரும் அதைத் திறந்து காட்டுவதில்லை.

மறுநாள் சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நடந்ததைச் சொன்னார்கள். இக்னிஷன் சுவிட்சுக்கு பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த ஒயரைச் சீவி, அதில் நூல் மாதிரி ஒரு ஒயரைச் சுற்றி டேப் அடித்திருந்தான் பையன். அந்த லைனில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும். மெல்லிய ஒயர் கிளட்ச் பெடல் தாங்கியின் இரும்பு விளிம்பில் உரசிப் போனது. ஆறு வாரம் ஓடிய அதிர்வில் மேல்தோல் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டது. காரின் உடம்பு முழுக்க எர்த். பிறகு என்ன நடக்கும் என்று எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், இலக்கியப் பத்திரிகையாக இருந்தாலும். மீட்டருக்கு அறுபது எல்இடி உள்ள பிரகாசமான ஸ்ட்ரிப், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 14 வாட் எடுக்கும். பன்னிரண்டு வோல்ட்டில் அது 1.2 ஆம்பியர். என் காரில் இருப்பது நாலு துண்டும் சேர்ந்து ஒன்றேகால் மீட்டர். ஒன்றரை ஆம்பியர் போதும். ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். இன்ஜினையே சுற்றி ஸ்டார்ட் செய்கிற பொருள் அது. என் காரில் அந்தத் தடித்த ஒயருக்கு மேலே 40 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் ஒன்று இருந்தது. அது தடித்த ஒயருக்கான காவல். நூல் ஒயரின் தோல் உருகிப் புகைய நாற்பது ஆம்பியர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் அது கரண்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் போகும் ஒயருக்குக் காவலே கிடையாது. எனக்குத் தேவைப்பட்டது ஊதா நிறத்தில் வரும் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ஹோல்டரோடு சேர்த்தாலும் ஒரு சாப்பாட்டுக் காசு ஆகாது.

அந்தப் பையனைத் திட்டலாம். நானும் ரெண்டு நாள் திட்டினேன். பிறகு யோசித்தால் நூறு ரூபாய்க்கு அவன் எத்தனை நேரம் செலவழிக்க முடியும்? ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தை மீட்டர் வைத்துத் தேட வேண்டும். ஒயருக்கு ஸ்லீவ் போட வேண்டும். பெடல், ஸ்டியரிங் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். எர்த் ஒயருக்கு வளையம் வைத்து பெயின்ட் இல்லாத போல்ட்டில் இறுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழியும் என்பதால் இணைப்புகளில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கையே வைக்கக் கூடாது, அது ஏர்பேக் லைன். இத்தனையும் செய்தால் மூணு மணி நேரம். சிங்காநல்லூர்க்காரர் அத்தனையும் செய்தார், எண்ணூற்றைம்பது கூலி வாங்கினார். முதல் நாள் இதே தொகையை யாராவது கேட்டிருந்தால் நான் அவரைத் திருடன் என்றிருப்பேன்.

கண்ணுக்குத் தெரியும் விளக்குக்குத் தொள்ளாயிரம் கொடுக்கத் தயங்காதவன், தெரியாத ஒயருக்கு நூறு கொடுக்கவே அழுதேன். கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. ஃபியூஸ் இல்லாமல் வேலை வெளியே போகாது என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர். ஆனால் அப்படிச் சொல்லும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் நாம்தான். மலிவான வேலைக்கு இந்த ஊரில் ஆள் இருக்கிறது என்றால், அதைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

“இதுக்குத்தான் சொல்றோம், கம்பெனி வேலையில கையே வைக்காதீங்க” என்று ஒரு தரப்பு வரும். ஷோரூம்காரர்களின் பாட்டும் அதுதான்: ஒயரைத் தொட்டால் வாரண்டி போச்சு. ஒயரைச் சீவினால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே விளக்கு வேண்டுமென்றால் டாப் மாடல் வாங்குங்கள் என்பார்கள். அடி மாடலுக்கும் டாப் மாடலுக்கும் வித்தியாசம் லட்சக் கணக்கில். காலடியில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், இருட்டில் அம்மா செருப்பைத் தேடக் கூடாது என்று நினைக்கிறவன் லட்சங்களைப் புரட்ட வேண்டுமா? தொடாதே என்பது பதில் இல்லை. ஒழுங்காகத் தொடக் கற்றுக்கொடு, ஒழுங்காகத் தொடுகிறவனுக்கு ஒழுங்கான கூலி கொடு. என் பதில் இதுதான்.

எதிர்த்தரப்பில் ஒன்றை மட்டும் மனதார ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியில் பிரதிபலிக்கும் அளவுக்கு விளக்கை எரியவிட்டு இரவில் ஓட்டுவது முட்டாள்தனம். உள்ளே வெளிச்சம் கூடக் கூட, வெளியே இருட்டில் நடக்கும் ஆள் நம் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரிவார். மினுக்கி மினுக்கி எரிவதும், ரோட்டில் போகிறவன் கண்ணில் அடிப்பதும் ரசனைப் பிரச்சினை அல்ல, அடுத்தவன் உயிர்ப் பிரச்சினை. முழங்காலுக்குக் கீழே, மங்கலாக, அசையாமல் எரியட்டும். என் காரில் இப்போது அப்படித்தான் எரிகிறது, ஓட்டும்போது குறைத்துவைக்க ஒரு திருகியும் உண்டு.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, வண்டிக்கு விளக்கு போடப் போனால் நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதில் எந்த விமர்சகனுக்கும் வேலை இல்லை. கடைக்காரரிடம் மூணு கேள்வி மட்டும் கேளுங்கள். கரண்ட் எங்கிருந்து எடுக்கறீங்க? ஃபியூஸ் எங்க இருக்கு, எத்தனை ஆம்பியர்? ஒயர் எந்த வழியா போகுது? பதில் சொல்லத் தெரிந்தவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தடவை தலையை விடுங்கள்.

கரகாட்ட நண்பர் போன மாதம் மறுபடி என் காரில் ஏறினார். விளக்கைப் பார்த்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். டாஷ்போர்டு ஓரத்து மூடியைக் கழற்றி, ஊதா ஃபியூஸைக் காட்டி, உடுமலைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “எங்க சொந்தக்காரர் கார்லயும் பின்னாடி ரெண்டு லைட் வெளிய போட்டதுதான்” என்றார்.

யாரிடம் போட்டார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.