தகுதிச் சார்பு எதை எண்ணுகிறது?

மரபணுப் படிமுறையால் தமிழ் விசைப்பலகையைச் செப்பனிட முயலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலப்பு வீதம், சடுதிமாற்ற வீதம் பற்றிய வாதங்களைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, உங்கள் தகுதிச் சார்பு எதை எண்ணுகிறது என்று பாருங்கள்.

‘அம்மா’ யூனிகோடில் ஐந்து குறிகள். தமிழ்99 பலகையிலோ அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘பந்து’விலும் புள்ளி விசைக்கு வேலையில்லை. ‘மம’ வேண்டுமானால் நடுவில் அ-வைத் தட்டியாக வேண்டும். அந்த அ திரையில் தெரியாது. உரைத்தொகுப்பின் குறிகளை அப்படியே எண்ணும் நிரல், யாரும் தட்டாத புள்ளிகளுக்கு வசதியான இடம் தேடி அலைகிறது. ஆ-வையும் துணைக்காலையும் வெவ்வேறு விசைகளாகக் கொள்கிறது. எத்தனை தலைமுறை ஓடவிட்டாலும் இந்தப் பிழை தேயாது. ஆகவே தொகுப்பை முதலில் தட்டல் வரிசையாக மாற்றுங்கள். இரட்டைத் தட்டலுக்கு ‘ஒரே விரலை அடுத்தடுத்துப் பயன்படுத்தியது’ என்ற தண்டமும் வேண்டாம். எந்த அமைப்பாலும் அதைத் தவிர்க்க முடியாது.

தேடுவெளியையும் குறுக்கலாம். 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு இரண்டாண்டு கழித்து, சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 தரமானது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்ற அதன் பங்கீடு கைகளை மாறிமாறி உழைக்க வைக்கிறது. அதைக் கலைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 18 மெய்களை மட்டும் இடம்மாற்றினாலே சுமார் 64 கோடி கோடி வரிசைகள். படிமுறைக்கு அதுவே போதிய களம். இடக்கையின் கீழ்வரிசையில் இருக்கும் வ-வுக்கு இன்னும் நல்ல இடம் உண்டா என்பது போன்ற கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன. பழகிய விரல்களைப் பெயர்க்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை வையுங்கள்.

எல்லாரும் பத்து விரலால் தட்டுவதில்லை. சிங்கப்பூரில் மார்சிலிங்கிலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் லிட்டில் இந்தியா போகிறவர் கட்டைவிரலால் தட்டுகிறார். பலர் ஆங்கில எழுத்தில் ‘amma’ என்று தட்டியே தமிழை வரவழைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டலின் உழைப்பையும் பத்து விரலுக்குக் கணக்கிட்டுப் போட்ட செலவு அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. நாளிதழ் நடையை மட்டும் கொண்ட தொகுப்பும் போதாது; வீட்டுப் பேச்சு, மாணவர் கட்டுரை, குறுஞ்செய்தி எல்லாம், எழுதியவர் ஒப்புதலோடு, சேர வேண்டும்.

இனி இவ்விதழுக்கு வரும் விசைப்பலகைக் கட்டுரைகளோடு, உரையைத் தட்டல் வரிசையாக மாற்றும் நிரலையும் செலவு அட்டவணையையும் கேட்கவிருக்கிறோம். தமிழ்99க்கும் அதே அளவுகோலால் மதிப்பெண் இட்டு அனுப்புங்கள்.