கைவிளக்கும் குறைந்த விலைப்புள்ளியும்

விருத்தாசலம் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அங்கத்தினர்கள் நம்மிடம் கூறும் குறைகளுள் ஒன்று சிறிதாகத் தோன்றினும் உயிரைப் பற்றியது. சங்கத்தின் மூலம் மலிவாகக் கிடைத்த எல்.இ.டி. டார்ச் விளக்கு பத்தடிக்கு அப்பால் ஒன்றையும் காட்டுவதில்லை என்பதே அக்குறை.

நெசவாளிக்கு இது இடைஞ்சல். மின்சாரம் நின்ற வேளையில் அறுந்த இழையைப் பிணைக்க இயலாது. நள்ளிரவில் மணிலாக் கொல்லைக்கு நீர் பாய்ச்சச் செல்லும் விவசாயிக்கோ இது ஆபத்து. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். கட்டுவிரியன் நடமாடுவது இரவில்தான் என்பதை நாம் சொல்லி விவசாயிகள் அறிய வேண்டுவதில்லை.

இவ்விளக்குகளைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. முதலில் ஒளி எங்கே குறைகிறது என்று பார்த்தல் வேண்டும். மின்கலம் தொடும் தகடுகளில் படிந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்குக. மெல்லிய இரும்புச் சுருள்வில் மின்னோட்டத்தைத் தடுக்குமாயின், அதன் இரு முனைகளையும் செப்புக் கம்பியால் இணைக்கலாம். கண்ணாடியையும் பிரதிபலிப்பானையும் துடைத்து வைக்கலாம். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

அதன் பின்னரே எல்.இ.டி.யை மாற்ற நினைக்கலாம். மலிவு விளக்கில் உள்ள சிறு எல்.இ.டி. ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர் அளவே தாங்கக் கூடியது. ஒரு வாட் எல்.இ.டி. 350 மில்லி ஆம்பியர் வரை ஏற்கும். ஆனால் அதன் சூட்டைக் கடத்த அலுமினியத் தகடு வேண்டும். உயர்ந்த ரகங்களில் எல்.இ.டி. சில்லு பீங்கான் தகட்டின் மீதே அமர்த்தப்படுகிறது. மின்சாரத்தைத் தடுத்துச் சூட்டை வெளிவிடும் அத்தகட்டின் அருமையைப் பீங்கான் நகரமாகிய நம் ஊர் நன்குணரும்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்தடையை அகற்றி மின்னோட்டத்தை மிகுத்தால் எல்.இ.டி. கருகும், மின்கலமும் விரைவில் தீரும். இரு மடங்கு தூரம் அதே வெளிச்சத்துடன் காண நான்கு மடங்கு ஒளி வேண்டுமாதலால் ஆசைக்கும் ஓர் அளவு வேண்டும். மேலும், பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் மின்கலத்தைப் பொருத்துதல் கூடாது. அதனை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் தீப்பற்ற இடமுண்டு.

இனி நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். கொள்முதல் ஏட்டைப் புரட்டும் பரிசோதகர்களாகிய நாம், மிகக் குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்பட்டதா என்று கேட்கிறோம். பொருள் பயன்பட்டதா என்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு அஞ்சியே நிர்வாகக் குழுவினர் மங்கிய விளக்கை வாங்குகின்றனர். சிக்கனம் வேறு, மலிவு வேறு. அடுத்த கொள்முதலுக்கு முன் மாதிரி விளக்கொன்றை இருட்டில் கொளுத்திப் பார்த்து, அங்கத்தினர் இருவர் சான்றுரைக்க, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யட்டும். அவ்வாறு பதிவு செய்து சற்றுக் கூடுதல் விலை கொடுத்த சங்கத்தை எந்தப் பரிசோதகரும் குறை கூறலாகாது. பற்றவைக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு மாதம் ஒரு நாள் பழைய விளக்குகளைச் செப்பனிடவும் சங்கங்கள் முன்வரட்டும்.

அங்கத்தினரின் பணத்தில் வாங்கிய விளக்கு, அங்கத்தினரின் காலடியையாவது காட்ட வேண்டாமா?