மலைக்கு மாத்திரை மட்டும் போதாது

உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அருகிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் பயிரிடுபவருக்கும் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கும் இது பெரிய ஆறுதல். அந்த மருத்துவமனை வழியாகவே புற்றுநோய் மரபணுச் சோதனை முழுவதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எட்டாக் கனியாக இருந்த புதுவகை மருந்துகள் விலை இறங்கி வரும் காலத்தில், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று சொல்லும் சோதனை எட்டாமல் போனால் விலை இறங்கி என்ன பயன்?

இந்தச் சோதனை ஏன் தேவை என்பதற்கான விடை புற்றுநோய் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. உயிரணுக்களில் 'பெருகு' என்று தூண்டும் மரபணுக்களும் 'நில்' என்று தடுக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. உயிரணு பிரியும்போது டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. அதில் பிழைகள் நேர்வது இயல்பு. பெரும்பாலானவை திருத்தப்பட்டுவிடும், திருத்த முடியாத உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்தக் காவலில் முதன்மையானது பி53 என்ற புரதம். புற்றுக்கட்டிகளில் ஏறக்குறையப் பாதியில் இதற்கான மரபணுவே பழுதாகியிருக்கிறது. தூண்டுதல் ஓயாமலும் தடுப்பு செயலிழந்தும் போகும்படி ஓர் உயிரணுவில் ஆண்டுக்கணக்கில் பிழைகள் சேர்வதே பெரும்பாலான புற்றுநோய்களின் கதை. புகையிலை இந்தச் சேர்க்கையை விரைவாக்குகிறது. ஒரே நுரையீரல் புற்று என்று பெயர் எழுதப்பட்ட இருவருக்குள் பழுதான மரபணு வேறு வேறாக இருக்கலாம். மருந்தும் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.

குறிபார்த்துத் தாக்கும் மருந்துகளுக்கு வழி திறந்தது நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்நோயாளிகளின் உயிரணுக்களில் வழக்கத்துக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறப்பது பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற நொதி, தானாக அணையாத சுவிட்ச். ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு வந்து பொருந்தும் இடத்தில் இமாட்டினிப் மாத்திரை அமர்ந்து அதை அணைக்கிறது. 2001இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. தொடக்க ஆய்வில் இதை எடுத்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள்.

அந்த மாத்திரையின் விலைப் போர் நடந்த களங்களில் சென்னையும் ஒன்று. அதைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்னும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, 2007இல் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் விலையிட்ட மருந்து, உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பாகப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்று நிறுவனம் சொன்னது, கொடுத்ததும் உண்மை. ஆனால், கொடையாளர் மனது வைத்தால் கிடைக்கும் மருந்தும் சட்டம் உறுதிசெய்த மருந்தும் ஒன்றல்ல.

விலையில் வென்றோம்; சோதனையில் கோட்டைவிடக் கூடாது. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதற்குச் சான்று. ஆசிய நாடுகளின் நுரையீரல் புற்று நோயாளிகளிடம் கெஃபிட்டினிப் மாத்திரை பரிசோதிக்கப்பட்டது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் திரிபு இருந்தவர்களில் நூற்றுக்கு 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. திரிபு இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் பலன். அதே பிரிவில் வழக்கமான கீமோதெரபி எடுத்தவர்களில் 23 பேருக்குப் பலன் கிடைத்தது. சோதிக்காமல் மாத்திரை கொடுப்பது, கிடைக்கவிருந்த பலனையும் பறிப்பதாகும்.

தடுப்புக்கும் தொடக்கநிலைக் கண்டறிதலுக்கும் செலவிடாமல் மரபணுச் சோதனையா என்று கேட்கலாம். தடுப்பு மிக அவசியம். ஆனால், நோய் வந்துவிட்டவருக்கு அது பதிலாகாது. சோதிக்காமல் கொடுத்து வீணாகும் மாத்திரையும் அரசின் செலவுதானே. 2011 கணக்குப்படி சுமார் 7.35 லட்சம் பேர் வாழும் நீலகிரி மாவட்டத்துக்குத் தனி ஆய்வுக்கூடம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. முழு ஆய்வுக்கூடத்தை நாம் கேட்கவில்லை. மெழுகில் பதித்த கட்டியின் திசுத்துண்டு சாதாரண வெப்பநிலையிலேயே கெடாமல் இருக்கும். உதகையிலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பினால் போதும். பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பார்க்க எடுக்கும் ரத்தம் அப்படியல்ல, ஓரிரு நாளில் சோதிக்கப்பட வேண்டும். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால்தான் மருந்து கேட்கிறதா, மாற்ற வேண்டுமா என்று தெரியும். அதற்கான ஆர்டி-பிசிஆர் நுட்பம் கொரோனா காலத்தில் தமிழக அரசு மருத்துவமனைகளுக்குப் பழகிப்போனதுதான். உரிய வேதிப்பொருளும் பயிற்சி பெற்றவர்களும் இருந்தால் உதகையிலேயே இதைச் செய்யலாம்.

எல்லநள்ளியிலோ கேத்தி பாலாடாவிலோ இருந்து ஒரு நோயாளி குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம் என்று இறங்கிக் கோவை போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. துணைக்குப் போனவர் கூலியும் போச்சு. மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2009 நவம்பரில் கேத்தி அருகே அச்சனக்கல்லில் மண் சரிந்து உயிர்கள் போனதை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. பாதை அடைபட்டு மாத்திரை இடையில் நின்றால் அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குறிபார்த்த மருந்துக்கு ஒப்புதல் தரும்போது, அதற்கான மரபணுச் சோதனையும் தொடர் கண்காணிப்பும் அதே தொகுப்பில் கட்டணமின்றி அடங்க வேண்டும். உதகையிலிருந்து அனுப்பப்படும் திசுவுக்கு இரண்டு வாரத்துக்குள் முடிவு வரும்படி கெடு விதிக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய் கட்டுக்குள் இருக்கும் ரத்தப் புற்று நோயாளிகளின் மாத்திரையும் மருத்துவர் மேற்பார்வையோடு சேர வேண்டும். மூன்றுமே இருக்கும் கட்டமைப்பைக் கொண்டு செய்யக்கூடியவை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே சுகாதாரத் துறை இதற்கு நிதி ஒதுக்கி, நீலகிரியில் தொடங்கட்டும்.