பொம்மைக்குப் புருவம் ஏறுமா?



என்னிடம் படித்த ஒருவன், இப்போது கம்ப்யூட்டர் வேலை, நேற்று ஒரு வீடியோ அனுப்பினான். கார்ட்டூன் பொம்மை கையசைத்துப் பாடம் நடத்துகிறது. "இனிமேல் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியாரே வேண்டாம் சார்" என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. (பென்ஷன் வாங்கினாலும் வாத்தியார்தானே!)

தம்பி, சைகை மொழி கையில் மட்டும் இல்லை. "சாப்பிட்டாய்", "சாப்பிட்டாயா?" இரண்டுக்கும் கை ஒன்றுதான், புருவம் ஏறினால்தான் கேள்வி. உன் பொம்மை முகமோ பிசைந்து வைத்த மாவு. அதோடு, தமிழ் வாக்கியத்தை அப்படியே சொல்லுக்குச் சொல் சைகையாக்கியிருக்கிறாய். இந்திய சைகை மொழியில் 'எங்கே', 'ஏன்' எல்லாம் கடைசியில் வரும். அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறதப்பா.

டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டது. அதில் சைகை செய்பவர்கள் மனிதர்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் 2018லேயே சொல்லிவிட்டது: ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி முன்பே தயாரித்தவற்றுக்குப் பொம்மை போதும், மனிதருக்கு மாற்றாக வைக்காதீர்கள் என்று. வகுப்பில் பிள்ளை முகம் சுருங்கினால், "புரியலையா?" என்று பொம்மை நிறுத்திக் கேட்குமா?

பொம்மையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது கேளாதவர்களைச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய். எங்கள் தெருவில் சைகை மொழி பேசும் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வா, அவரிடம் உன் வீடியோவைக் காட்டலாம். பாடம் என்ன என்று அவர் சொல்லட்டும்.