டவர் படுத்தாலும் மெசேஜ் போகும்... பழைய லேப்டாப்பில் தூங்கும் 'ஏஎக்ஸ்.25'!

பென்னாகரம் பக்கம் இரண்டு மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒன்று இங்கே பெய்வது. இன்னொன்று கர்நாடகத்தில் பெய்து காவிரி வழியாக வருவது. 2024 ஜூலை இறுதியில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை இப்போது பெரும்பாலும் செல்போனில்தான் பார்க்கிறோம். கரன்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால்?

இதற்கு ஒரு பதில், பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் லேப்டாப்பிலேயே இருக்கலாம். தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் வந்தது நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸின் இதயம் கெர்னல். வைஃபை, கேமரா, கீபோர்டு என எல்லா ஹார்டுவேரையும் ஆப்களோடு பேச வைப்பது இதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அதைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கேள்வி வரும்: ஒய், எம், என். ஒய் என்றால் கெர்னலோடு ஒட்டிப் பிறக்கும். என் என்றால் கிடையாது. எம் என்றால் மாட்யூல். பரணில் கிடக்கும் கல்யாண அண்டா மாதிரி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம்.

பழைய கெர்னல்களின் கேள்விப் பட்டியலில் 'அமெச்சூர் ரேடியோ சப்போர்ட்' என்று ஒரு பகுதி உண்டு. அதற்குள் இருப்பதுதான் ஏஎக்ஸ்.25. எக்ஸ்.25 என்ற பழைய நெட்வொர்க் முறையை ஹாம் ரேடியோக்காரர்கள் தங்களுக்கேற்ப மாற்றி 1980-களில் உருவாக்கியது. கேபிளும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். கம்ப்யூட்டரின் எழுத்து ஒலியாக மாறி ரேடியோவில் போகும். எதிர்முனையில் மீண்டும் எழுத்தாகும். சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட 145.825 மெகாஹெர்ட்ஸில் இதே முறை பயன்பட்டிருக்கிறது.

வேகம்? வழக்கமாக விநாடிக்கு 1,200 பிட். சிரிக்காதீர்கள். 2 எம்பி போட்டோ ஒன்று போக மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகும் என்பது உண்மைதான். ஆனால் 'தண்ணி ஏறுது, மேட்டுக்கு வாங்க' என்பதற்கு இரண்டு விநாடி போதும். ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 256 பைட் அடங்கும். இங்கே தமிழுக்கு ஒரு சிக்கல்: யூனிகோடு முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'ஒகேனக்கல்' என்ற பெயருக்கு மட்டும் 27 பைட்! அவசரத்தில் தங்கிலீஷில் அடித்தால் 10 பைட்டில் முடியும். தமிழ் வாத்தியார்கள் மன்னிக்க.

உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பூட் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் ஃபைலைத் திறந்து ஏஎக்ஸ்25 என்று தேடுங்கள். அந்த வரி எம் என்று முடிந்தால், 'மோட்ப்ரோப்' கட்டளையில் ஏஎக்ஸ்25, எம்கிஸ் இரண்டு மாட்யூல்களையும் எழுப்பலாம். ரேடியோவின் மைக், ஸ்பீக்கர் இணைப்பை லேப்டாப்பின் சவுண்ட் கார்டில் கொடுத்து, 'டயர்உல்ஃப்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட வேண்டும். பிறகு ஏஎக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் உங்கள் அழைப்புக்குறி. 'கிஸ்அட்டாச்' கொடுத்தால் வைஃபை மாதிரியே இன்னொரு நெட்வொர்க்காக ரேடியோ தெரியும். மலை மறைத்தால் சிக்னல் நின்றுவிடும் என்பதால், மேட்டில் யாராவது ஒரு ரிப்பீட்டர் வைப்பது பென்னாகரம் மாதிரி ஊருக்குக் கட்டாயம்.

தேடியும் கிடைக்கவில்லையா? ஆச்சரியமில்லை. பழையவற்றைக் கெர்னல் கழித்துக்கொண்டே வருகிறது. ஒருகாலத்தில் நம் ஆபீஸ்களில் நாவெல் நெட்வேர் ஓடக் காரணமான ஐபிஎக்ஸ் 2018-ல் நீக்கப்பட்டது. 2022-ல் டெக்நெட். பராமரிக்க ஆளில்லாத கோடு, ஹேக்கருக்குத் திறந்த கொல்லைப்புறம் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் ஏஎக்ஸ்.25-ஐ எப்போதும் ஓடவிடாமல், எம் ஆக வைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் எழுப்புவதே புத்திசாலித்தனம். மாட்யூலே இல்லாவிட்டாலும் டயர்உல்ஃப் தனியாக மெசேஜ் அனுப்பும். சாதாரண நெட்வொர்க் ஆப்கள் ரேடியோ வழியாகப் பேசும் வசதிதான் போகும்.

பேரிடரில் ஹாம் ரேடியோ உதவுமா என்று கேட்பவர்கள் 2004 சுனாமியைப் பார்க்கலாம். அந்தமானில் தொடர்புகள் அறுந்த அன்று, ஹாம் நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தின் ரேடியோதான் தீவின் செய்தியை வெளியே கொண்டுவந்தது. அது குரல் வழி. பேரும் எண்ணிக்கையும் தப்பாமல் போக வேண்டிய பட்டியல்களுக்கு எழுத்தே வசதி.

ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் இல்லாமல் ரேடியோவில் பேசுவதோ மெசேஜ் அனுப்புவதோ சட்டப்படி குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்து லைசென்ஸ் தருகிறது. 12 வயது நிரம்பினால் எழுதலாம். மோர்ஸ் தந்தி தெரியாதவர்களுக்கு 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடு இருக்கிறது. வியாபார மெசேஜுக்கு அனுமதி இல்லை; ரகசியக் குறியீட்டுக்கும் இல்லை. நீங்கள் அனுப்புவதை ரேடியோ வைத்திருக்கும் யாரும் படிக்கலாம், அதை நினைவில் வைத்து டைப் பண்ணுங்கள்.