கையெழுத்து வைக்க மறுத்த அம்மா



பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிப்பிப்பது என் தொழில். முதலாம் வருடப் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "அரசை நீங்கள் நேரில் எங்கே கண்டிருக்கிறீர்கள்?" பாராளுமன்றம் என்று ஒருவரும் சொல்வதில்லை. கிராம சேவகர் அலுவலகம், அஸ்வெசும வரிசை, சோதனைச் சாவடி, அம்மாவின் பெட்டிக்குள் இருக்கும் பழைய நிவாரண அட்டை என்பார்கள். மக்ஸ் வெபர் 1919இல் சொன்ன வரைவிலக்கணத்தை அதற்குப் பிறகுதான் எழுதிப் போடுவேன்.

இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எனது மேற்பார்வையில் இருந்த ஒரு பிள்ளை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அரச அலுவலகங்களை எப்படி அணுகின என்பதை எடுத்துக்கொண்டாள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பள்ளிச் சீருடையோடு நின்று பார்த்தவள். அவளின் மாமாவும் 2009இல் போனவர், திரும்பவில்லை.

நான் பயந்தேன். "கடைசியாக எப்போது கண்டீர்கள்?" என்று அவள் எழுதியிருந்த முதற்கேள்வியை வெட்டினேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் கதைக்கவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

பிள்ளைக்கு வந்தவுடன் படிவத்தை நீட்டக் கூச்சம். அந்த அம்மா தேத்தண்ணி கொடுத்து இரண்டு மணித்தியாலம் கதைத்த பிறகுதான் நீட்டியிருக்கிறாள். அவர் எழும்பிப் போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினாராம். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், 2010இன் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இன் பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமற்போனோர் அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்த பிரதிகள்.

"எல்லாத்திலையும் என்ர கையெழுத்துக் கிடக்குது பிள்ளை. மகன்தான் இல்லை. இனி வைக்க மாட்டன்."

பிள்ளை அழுதழுது போன் எடுத்தாள். "மிஸ், அவ சொன்னதைப் பாவிக்கலாமோ?" ஏலாது என்றேன். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வாய்மொழிச் சம்மதமும் ஆய்வில் செல்லும் என்று வருடாவருடம் படிப்பிக்கிறவள் நான். தாளைப் பிடித்துக்கொண்டு அதை மறந்துபோனேன். காலையில் துறைக்கு எழுதி விளக்கி, பிள்ளையைத் திரும்ப அனுப்பினேன்.

படிவத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா சம்மதித்தார். ஊரும் பெயரும் வரக்கூடாது. அதோடு, தன் கோவை இப்போது எங்கே கிடக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும்.

ஆய்வுக்குப் போனவர் இப்படித் தலையிடலாமா என்பது எங்கள் துறையில் பழைய வாதம். எழுதிக் கொடு, கொடுத்ததை ஆய்விலும் மறைக்காமல் எழுது என்றேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். (எழுத ஏலாதவர்கள் வாயால் சொன்னாலும் அவரே எழுதிக்கொள்ள வேண்டும், சகோதரிகளே.) அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் அம்மா தானே பேனை கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தாராம்.

பதில் வந்தது. ஒரு கோவை இலக்கமும் இரண்டு வரியும். பிள்ளை வாசித்து முடித்ததும் அம்மா கடிதத்தின் அடியில் விரலை வைத்து, "இது ஆற்ர கையெழுத்து?" என்று கேட்டார். பெயரைச் சொன்னாள். இன்னொருமுறை சொல்லச் சொல்லிவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தார்.